உம்மாவில் பழி போட்ட காலமும் உம்மாவின் கைக்கு வந்த வைத்தியமும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பவர்கள் ஆறுதலாக வாசியுங்கள்.

இரண்டரை வயதாகியும் பிள்ளை பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை என்றால் நம் திருகோணமலையில் முதலில் கிடைப்பது ஆறுதல்: "ஆம்பிளப் புள்ளதானே, சுணங்கித்தான் பேசும்." அடுத்து கிடைப்பது பழி. அது பெரும்பாலும் உம்மாவின் தலையில்தான் விழும். போனைக் கொடுத்துப் பழக்கிவிட்டாள், வேலைக்குப் போனாள், வயிற்றில் இருக்கும்போது பயந்தாள் என்பார்கள். இந்தப் பழியை நம் ஊர்ப் பெரியம்மாக்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். ஒரு காலத்தில் உலகின் பெரிய வைத்தியர்களே இதைத்தான் சொன்னார்கள்.

அமெரிக்காவின் பால்டிமோரில் சிறுவர் மனநல வைத்தியராக இருந்த லியோ கானர், 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓட்டிசம் என்று இன்று நாம் சொல்வது தனி நிலையாகப் பரவலாக அறியப்பட்டது அதிலிருந்துதான். மொஸ்கோவில் சுகரேவா என்ற பெண் வைத்தியர் 1920களிலேயே இதே போன்ற ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. கானரின் முதலாவது பிள்ளை டொனால்ட் ட்ரிப்லெட். அவருடைய வாப்பா, மகனைப் பற்றி 33 பக்கக் கடிதம் எழுதி அனுப்பியிருந்தார். அவ்வளவு உன்னிப்பாகப் பிள்ளையைக் கவனித்த மனிதர்! ஆனால் சில வருடங்களில் அதே கானர், இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பாசமற்றவர்கள், குளிர்சாதனப் பெட்டிபோல் இருப்பவர்கள் என்ற தொனியில் எழுதினார். சிகாகோவில் ஒரு விடுதிப் பாடசாலை நடத்திய புரூனோ பெட்டல்ஹைம் இதை இன்னும் தூரம் கொண்டுபோனார். 1967இல் வந்த அவருடைய புத்தகம் பிரபலமானது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைப்பதுதான் அவருக்குச் சிகிச்சை. எத்தனை தாய்மார் குற்ற உணர்விலேயே வாழ்ந்து முடித்திருப்பார்கள்!

இதை முதலில் உடைத்தவர் ஒரு வாப்பாதான். பெர்னார்ட் ரிம்லண்ட் அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்த உளவியலாளர், மகனுக்கு ஓட்டிசம். இது மூளை வளர்ச்சி சார்ந்தது, வளர்ப்பால் வருவதல்ல என்று 1964இல் புத்தகமே எழுதினார். 1969இல் கானர் பெற்றோர் கூட்டமொன்றில் நின்று, உங்கள் மேல் குற்றமில்லை என்று அறிவித்தார். 1977இல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு, பரம்பரைக்குப் பெரிய பங்கு இருப்பதைக் காட்டியது.

சிகிச்சையின் கதை இன்னும் சிக்கலானது. கலிபோர்னியாவில் ஐவர் லோவாஸ் என்பவர் 1960களில், நல்லது செய்தால் பரிசு, செய்யாவிட்டால் தண்டனை என்ற முறையில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்கினார். தண்டனை என்றால் அடியும் மின்அதிர்ச்சியும்கூட. பிறகு 1987இல், 19 பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 40 மணித்தியாலம் தனித்தனியாகப் பயிற்சி கொடுத்து, அவர்களில் 9 பேர் சாதாரண வகுப்பில் சேரும் நிலைக்கு வந்தார்கள் என்று அறிவித்தார். உலகம் முழுதும் பெற்றோர் அந்த 40 மணித்தியாலத்தின் பின்னால் ஓடினார்கள். நாம் பாடசாலையில் ஒரு வாரம் முழுக்கப் படிப்பிப்பதே சுமார் 30 மணித்தியாலம். மேலும், பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வல்ல அது. அந்த வழியில் வந்த பயிற்சிகள் இன்று தண்டனையை விட்டு, விளையாட்டோடு சேர்ந்து மென்மையாகிவிட்டன. ஆனாலும் ஓட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர், "எங்களை நடிக்கப் பழக்கினீர்கள்" என்று இன்று முறையிடுகிறார்கள். அந்தக் குரலையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

வட கரோலினாவில் எரிக் ஷொப்லர் வேறு பாதை போனார். 1972இல் அங்கு மாநிலம் தழுவிய திட்டமாக வந்த அவருடைய முறையில் பெற்றோரே துணைச் சிகிச்சையாளர்கள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் படங்களாகச் சுவரில் ஒட்டி வைப்பார்கள். 1985இல் டெலவெயரில் தொடங்கியது, படத்தைக் கையில் கொடுத்துத் தேவையானதைக் கேட்கும் முறை. இரண்டுக்கும் பெரிய செலவில்லை.

போலி வைத்தியங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. தடுப்பூசியால் ஓட்டிசம் வருகிறது என்ற கதை 1998இல் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. 2010இல் அந்தச் சஞ்சிகையே கட்டுரையை மீளப் பெற்றது, எழுதிய வைத்தியரின் பதிவும் பறிபோனது. ஆனால் நம் வாட்ஸ்அப்பில் அது இன்னும் உயிரோடு சுற்றுகிறது. உடலிலிருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று கொடுத்த மருந்தில் 2005இல் அமெரிக்காவில் ஒரு பிள்ளை மௌத்தானது. நம் ஊரில் ஓதிப் பார்ப்பார்கள். துஆ கேட்பதை யாரும் தடுக்கவில்லை. அதைச் சொல்லி கிளினிக்கை ஆறு மாதம் தள்ளிப் போடுவதுதான் பிரச்சினை.

நம் நாட்டுக்கு வருவோம். இரத்மலானையில் செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கான பாடசாலை 1912இலேயே வந்துவிட்டது. பேச்சுச் சிகிச்சையாளரை உருவாக்கும் படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் தொடங்க 1997 ஆனது, பட்டப்படிப்பானது 2008இல். அந்த வருடங்களில் நாம் எங்கே இருந்தோம்? இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, சுனாமியில் இழந்து, 2006இல் மூதூரிலிருந்து கந்தளாய்க்கு நடந்து. பேசாத பிள்ளையைக் கண்டால் "ஷெல் சத்தத்துக்குப் பயந்தது" என்று சொல்லி முடித்த காலம். யுத்தம் முடிந்து, கிண்ணியாப் பாலம் திறந்த அதே 2009இல்தான், பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினரின் ஆய்வு வெளிவந்தது. 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பார்த்ததில், 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கு வந்தது. அதாவது நான்கு பிள்ளைகள். சின்ன ஆய்வு, அந்த அளவிலேயே எடுக்க வேண்டும். மேல்நாட்டுக் கேள்வித்தாள் இங்கே சரியாக வேலை செய்யவில்லை என்பதும் அதில் தெரிந்தது. அதனால் அவர்கள் பிறகு படங்களைக் காட்டித் தாயிடம் கேட்கும் ஒரு முறையை உருவாக்கினார்கள். தாய்மாரைப் பயிற்றுவித்து வீட்டிலேயே செய்ய வைத்ததன் பலனை 2016இல் எழுதினார்கள்.

அதே 2016இல் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு நடந்த ஆய்வும் வெளியானது. நிபுணர்கள் அல்லாத சுகாதார ஊழியர்கள் ஆறு மாதத்தில் 12 தடவை பெற்றோரோடு உட்கார்ந்து, பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே கதைக்கப் பழக்கினார்கள். பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்வது கூடியது. எல்லாம் கூடவில்லை, சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் குறைந்ததையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அதனாலேயே அந்த ஆய்வில் நமக்கு நம்பிக்கை.

2020இல் ராகமையில் 'அயத்தி' நிலையம் திறந்தது நல்ல செய்திதான். ஆனால் பேச்சு, வீட்டு மொழியில் வர வேண்டிய ஒன்று. படத்தில் "அம்மா" என்று இருக்கும். நம் பிள்ளை வீட்டில் கேட்பது "உம்மா". தமிழில் வேலை செய்யும் சிகிச்சையாளர் எண்ணிக்கையோ போதாது. கொழும்புக்கு ஒரு தடவை போய் வர ஒரு குடும்பத்துக்கு இரண்டு நாள் கூலி போய்விடும்.

ஆகவே பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை, விரலால் சுட்டிக் காட்டவில்லை என்றால், ஒன்றரை வயதிலேயே உங்கள் பகுதி குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி, திருகோணமலை பொது வைத்தியசாலைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முறை வரும்வரை வீட்டிலே தொடங்கலாம். சோறு, தண்ணி, உம்மா, வாப்பா, கடற்கரை என்று உங்கள் வீட்டுப் படங்களையே போனில் எடுத்து அச்சடித்து ஒட்டுங்கள். அச்சடிக்க வசதி இல்லாதவர்கள் உட்பெட்டியில் வாருங்கள், ஆசிரியர்கள் நாம் சிலர் சேர்ந்து செய்து தருகிறோம்.