ஊசியில் வராத ஹோர்மோன்: ஒஷாவாச் சூழலில் வெள்ளாட்டுக் குட்டியின் வளர்ச்சி

ஸ்காபரோவிலிருந்து ஒஷாவா வரை தமிழர் இறைச்சிக் கடைகளில் ஒரு பேச்சு அடிபடுவதுண்டு: இந்த நாட்டு ஆடு ஊசி போட்டு வளர்த்தது, அதனால்தான் இந்தப் பருமன். கனடாவில் வளர்ச்சியூக்கி ஹோர்மோன்களுக்கு அனுமதி இறைச்சி மாட்டுக்கு மட்டுமே உண்டு. ஆட்டுக்கு ஒன்றுகூட இல்லை. பால் மாட்டுக்கான செயற்கை வளர்ச்சி ஹோர்மோனையும் 1999 சனவரியில் சுகாதாரத் திணைக்களம் மறுத்துவிட்டது. பருமனுக்கு முதற்காரணம் இனம். தென்னாபிரிக்காவில் இறைச்சிக்கென்றே தெரிந்தெடுத்து வளர்த்த போயர் இனத்தின் குட்டி மூன்று, நான்கு கிலோ எடையில் பிறக்கிறது; தமிழ்நாட்டுக் கன்னி ஆட்டின் குட்டி இரண்டு கிலோவைச் சுற்றியே நிற்கும். ஆனால் ஒரே இனத்தில், ஒரே கிடாவுக்குப் பிறந்த குட்டிகளும் ஒருபோல வளர்வதில்லை. அந்த வேறுபாட்டை எழுதுவது ஹோர்மோன்களே. எதை எழுதுவது என்று அவற்றுக்குச் சொல்வது சூழல். ஒஷாவாவைப் பொறுத்தவரை அந்தச் சூழலில் எல்லாரும் முதலில் சுட்டும் பகல் நீளத்தைவிடத் தாயின் தீவனமும் பிறந்த முதல் நாளும் கனமானவை என்பது என் வாதம்.

பட்டினி கிடக்கும் குட்டியின் இரத்தத்தில் வளர்ச்சி ஹோர்மோன் குறைந்திருக்கும் என்றுதான் தோன்றும். உண்மையில் அது கூடியிருக்கும். கபச் சுரப்பி அதை விடாமல் அனுப்பிக்கொண்டேயிருக்க, ஈரல் அதற்குச் செவிசாய்க்க மறுக்கிறது. எலும்பையும் தசையையும் வளர்ப்பதில் பெரும்பங்கு ஈரல் உண்டாக்கும் இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி-1 என்ற பொருளுக்கு உரியது. புரதமும் மாச்சத்தும் போதாதபோது அது விழுந்துவிடுகிறது. அப்படிப்பட்ட குட்டிக்கு வளர்ச்சி ஹோர்மோனை ஊசியால் ஏற்றினாலும் பயன் சொற்பம். ஊசி நம்பிக்கையைச் சட்டம் மட்டுமல்ல, உடலியலும் தள்ளிவிடுகிறது.

இந்த ஈரல் எப்போது செவிகொடுக்கத் தொடங்குகிறது? பிறப்பையொட்டி. செம்மறியில் நன்கு ஆராயப்பட்ட விடயம் இது: ஈற்றுக்கு முந்திய நாட்களில் கருவின் கோர்ட்டிசோல் ஏறுகிறது, அந்த ஏற்றம் ஈரலில் வளர்ச்சி ஹோர்மோனுக்கான ஏற்பிகளைப் பெருக்குகிறது, தைரொயிட் ஹோர்மோனைச் செயல்படும் வடிவுக்கு மாற்றுகிறது. வளர்ச்சியின் பகையென்று நாம் பழித்துப் பழகிய கோர்ட்டிசோல்தான் இங்கே வாசலைத் திறக்கிறது. பிற்காலத்தில் குளிரும் நெரிசலும் திடீரென்று பால் மறக்கடிப்பதும் அதே ஹோர்மோனை நாட்கணக்கில் உயர்த்தி வைக்கும்போதுதான் அது தசையைக் கரைக்கிறது. நல்லது, கெட்டது என்று ஹோர்மோன்களைப் பிரித்து எழுதும் வழக்கத்தை நாம் விட்டுவிடலாம்.

ஒஷாவாவில் சனவரிச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு நான்கைந்து பாகை கீழே. நகரின் வடபுறத்திலும் அதற்கப்பால் ஸ்கூகொக் பக்கத்திலும் உள்ள பண்ணைகளில் மாசி, பங்குனியில் ஈனும் ஆட்டின் குட்டி ஈரமேனியோடு இந்தக் குளிரில் விழுகிறது. தோலுக்கடியில் அதற்குக் கொழுப்பு மிகக் குறைவு. காப்பது சிறுநீரகத்தைச் சுற்றிய பழுப்புக் கொழுப்பு. அதை எரித்து வெப்பமாக்குமாறு ஏவுவதில் தைரொயிட் ஹோர்மோனுக்கும் பங்குண்டு. அந்தச் சேமிப்பு சீக்கிரம் தீரும். அதற்குள் சீம்பால் இறங்கியாக வேண்டும்: முதல் 24 மணி நேரத்தில் உடல் எடையில் பத்திலொரு பங்கு என்பது பொதுவான அளவு. சீம்பால் நோயெதிர்ப்புப் பொருளை மட்டும் தருவதில்லை. எரிபொருளையும், மேலே சொன்ன வளர்ச்சிக் காரணியையும் குடலுக்குக் கொண்டுவருகிறது. வெப்பத்துக்குச் செலவான சக்தி வளர்ச்சிக்கு மிஞ்சாது. யாழ்ப்பாணத்துக் கொட்டிலில் இது பெரிய கேள்வியே அல்ல. அங்கே குட்டியின் எதிரி வெயில், வெயிலில் இரையெடுப்புக் குறையும், தைரொயிட் சுரப்பும் தாழும். ஒரே சுரப்பி இரண்டு நாட்டிலும் எதிரெதிர்த் திசையில் இழுபடுகிறது.

தைரொயிட்டுக்கு வேண்டிய அயடீன் எங்கிருந்து வருகிறது? பேரேரிகளைச் சூழ்ந்த நிலம் அயடீன் வறண்டது. ஒரு காலத்தில் கண்டக்கழலை நிலம் என்றே பெயர் பெற்றது. 1917இல் ஒகாயோ மாநிலத்து அக்ரன் நகரில் டேவிட் மரைனும் கிம்பலும் பள்ளிச் சிறுமிகளுக்கு அயடீன் கொடுத்து நடத்திய சோதனை இதே ஏரிப் பகுதியின் கதை. கனடா 1949இல் சமையலறை உப்பில் அயடீனைக் கட்டாயமாக்கியது. ஆடு இந்தக் குறையை மாட்டைவிடக் கூடுதலாக உணரும்: தாய்க்கு அயடீன் போதாவிட்டால் குட்டி வீங்கிய கழுத்தோடு, மயிர் குறைந்து, எழுந்து நிற்க வலுவின்றிப் பிறக்கும், சில வேளை செத்தே பிறக்கும். இதோடு ஒன்ராறியோ மண்ணில் செலெனியமும் குறைவு. தைரொயிட் ஹோர்மோனைச் செயல்படும் வடிவுக்கு மாற்றும் நொதியங்களுக்குச் செலெனியம் தேவை. எனவே அயடீன் மட்டும் கொடுத்து நிறுத்துவது பாதி மருத்துவம். பட்டியில் தொங்கும் நீல உப்புக்கட்டியில் அயடீனும் கோபால்ற்றும் உண்டு. செலெனியத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். கருவின் எடையில் பெரும்பகுதி கடைசி ஆறு, எட்டு வாரங்களில் கூடுவதால், இந்தக் கணக்கைக் குட்டி பிறந்தபின் தொடங்குவது காலந்தாழ்ந்தது.

இனிப் பகல் நீளம். ஒஷாவாவில் ஆனியில் பகல் ஏறத்தாழ பதினைந்தரை மணி நேரம், மார்கழியில் ஒன்பது. யாழ்ப்பாணத்தில் இந்த வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். நீண்ட இரவு மெலரோனின் என்ற ஹோர்மோனைக் கூட்டுகிறது, பால் சுரப்புக்கு உதவும் புரோலக்ரினைத் தாழ்த்துகிறது. வயிற்றில் இருக்கும் குட்டிக்கும் தாயின் மெலரோனின் வழி பருவம் தெரிந்துவிடுகிறது. 1980இல் ஷான்பாக்கரும் கிரவுசும் வெளியிட்ட ஆய்வில் 16 மணி நேர ஒளியில் வைத்த செம்மறிக் குட்டிகள் எட்டு மணி நேர ஒளியில் இருந்தவற்றைவிட விரைந்து வளர்ந்தன. விளக்குப் போட்டால் போதும் என்பவர்கள் இதைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் மெக்சிகோவில் டெல்காடில்லோ குழுவினர் இலையுதிர்காலக் கடைசியில் ஈன்ற ஆடுகளுக்கு நீண்ட ஒளி கொடுத்தபோது கூடியது தாயின் பால். பாலுண்ணும் பருவத்தில் ஒளியின் கொடை பெரிதும் தாயின் மடி வழியாகவே வருகிறது என்று நான் வாசிக்கிறேன். அந்த மடிக்குத் தீவனம் இல்லாத பட்டியில் மின்கட்டணம் மட்டுமே வளரும்.

ஒளி தன்னிச்சையாகக் குறுக்கிடும் ஓர் இடத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பங்குனியில் பிறந்த கிடாக்குட்டி புரட்டாசியில் ஆறு மாதத்தை எட்டுகிறது. அப்போது பகல் சுருங்கத் தொடங்கியிருக்கும். தெஸ்தொஸ்தெரோன் ஏற, கிடாய் மறியைத் தேடி அலைகிறது, இரையைப் பாதியில் விடுகிறது, எடையேற்றம் தளர்கிறது. பெட்டைக் குட்டியைவிட அதைப் பெரிதாக்கிய ஹோர்மோனே இப்போது அதன் வாயைக் கட்டுகிறது. காயடித்தால் அலைச்சல் இல்லை, கொழுப்புக் கூடும், தசை சற்றுக் குறையும். பெருநாளுக்கு முழுக் கிடாயைக் கேட்டு வருபவர்களுக்காக வளர்ப்பவர் காயடிக்கவும் முடியாது. அவருக்கு மிஞ்சும் வழி, பகல் சுருங்குமுன் விற்பதோ, மறிகளின் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத தனிப்பட்டியில் கிடாக்களை அடைப்பதோதான்.