மறதியா, மனச்சுமையா?

உரும்பிராய்ச் சந்திக் கடையொன்றில் பெரியம்மா ஒருநாள் அப்படியே நின்றுவிட்டார். வாங்க வேண்டிய நாலு சாமானையும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டுதான் என்னோடு வந்தார். "என்னத்துக்கு வந்தனான் எண்டே மறந்துபோச்சு. எனக்கு மண்டை பழுதாப்போச்சு, தம்பி" என்றார்.

அதே பெரியம்மாவிடம் 1995 ஒக்ரோபர் 30 இரவைப் பற்றிக் கேட்டால், மழைக்குள் தென்மராட்சி நோக்கி நடந்ததையும், நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டதையும், பைக்குள் என்னென்ன இருந்தன என்பதையும் இன்றும் ஒன்றுவிடாமல் சொல்வார்.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. நினைவு என்பது ஒரே பெட்டி அல்ல. பல ஆண்டுகள் நிற்பது நீண்டகால நினைவு. சில விநாடிகள் மட்டும் தங்குவது குறுகியகால நினைவு. அப்படித் தங்குவதை வைத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பதும் ஒழுங்குபடுத்துவதும் செயல்படு நினைவு. அதன் அமைப்பை 1974இல் பிரித்தானிய உளவியலாளர்களான அலன் படெலியும் கிரகம் ஹிச்சும் விளக்கினார்கள். கேட்ட சொற்களை மனதுக்குள் திரும்பச் சொல்லி வைத்திருக்க ஒரு பகுதி, பார்த்தவற்றை வைத்திருக்க இன்னொன்று, கவனத்தை எங்கே செலுத்துவது என்று தீர்மானிக்க மூன்றாவது ஒன்று.

இந்த இடம் மிகவும் சிறியது. ஏறத்தாழ ஏழு விடயங்கள் என்று 1956இல் ஜோர்ஜ் மில்லர் எழுதினார். உண்மையில் நாலுக்குக் கிட்டத்தான் என்று 2001இல் நெல்சன் கோவன் வாதிட்டார். கவனம் திரும்பினால் அதுவும் நிற்காது. 1959இல் நடந்த ஒரு பரிசோதனையில், மூன்று எழுத்துகளைச் சொல்லிவிட்டு எண்களைப் பின்னோக்கி எண்ண விட்டார்கள். 18 விநாடிகளில் பெரும்பாலானவை மறந்துபோயின.

எங்களுடைய சிக்கல் இங்கேதான் இருக்கிறது. காணாமல்போனவரைப் பற்றிய யோசனை, கடன், வாசலில் கேட்கும் மோட்டார் சைக்கிள் சத்தம், நித்திரையில்லாத இரவு எல்லாம் இந்தச் சின்ன இடத்துக்குள்தான் வந்து குந்துகின்றன. சாமான் பட்டியலுக்கு இடம் கிடைப்பதில்லை.

பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். வடக்குக் கிழக்குத் தமிழ்ப் பாடசாலை மாணவர் 420 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2009இல் வெளியானது. 92 சதவீதமானோர் குண்டுவீச்சு, எறிகணை, உறவினரின் மரணம் போன்ற கடும் அனுபவங்களைக் கண்டிருந்தனர். அந்தப் பாதிப்பு நினைவுப் பரிசோதனையிலும் பாடசாலைப் புள்ளிகளிலும் தெரிந்தது. ஒரே மூச்சில் மூன்று வேலை சொல்லி, முதலாவதை மட்டும் செய்த பிள்ளையை "மொக்கு" என்று ஏசுவதற்கு முன் இதை நினைக்க வேண்டும்.

செய்யக்கூடியவை எளியவை. பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை மூன்று, மூன்று, நாலாகப் பிரித்துச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். நித்திரையைக் காப்பாற்றுங்கள்.

எல்லா மறதியும் மனச்சுமையால் வருவதல்ல. பழகிய ஒழுங்கையில் வழி தவறினாலோ, மறதி மாதத்துக்கு மாதம் கூடினாலோ வைத்தியரிடம் காட்ட வேண்டும். பயங்கர நினைவுகள் நித்திரையைக் கெடுத்துக்கொண்டே இருந்தால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநல மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பெரியம்மா இப்போது கொப்பித் தாளொன்றில் எழுதிக்கொண்டுதான் சந்திக்குப் போகிறார். மண்டை பழுது என்று பிறகு சொன்னதில்லை.