இனிக்கிற விஷம்

2025 அக்டோபர்ல வில்லியனூர்லேருந்து அம்மா போன் பண்ணாங்க. “தம்பி, பாப்பாவுக்கு வாங்கின இருமல் சிரப் பேரைப் படிக்கிறேன், கேளு.”

கோல்ட்ரிஃப் இல்லை. அப்பாடா!

அந்த சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்துல. மத்தியப் பிரதேசத்துல இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைங்க சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. தமிழ்நாட்டு அதிகாரிகள் சோதிச்சப்போ, அதுல 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். புதுச்சேரியும் விற்பனையைத் தடை செய்தது.

கவனிங்க, இது மருந்தே இல்லை. மருந்தைக் கரைக்க புரொப்பிலீன் கிளைக்கால் ஊத்தணும். இதுவும் அதே மாதிரி இனிக்கும், விலை கம்மி. ஆனா இது தொழிற்சாலை ரசாயனம்.

கதை பழசு. 1937ல அமெரிக்காவுல சல்ஃபானிலமைடு மருந்தை இதுலதான் கரைச்சு வித்தாங்க. சுவை, நிறம், வாசனை பார்த்தவங்க, விஷமான்னு மட்டும் பார்க்கலை. நூறு பேருக்கு மேல செத்தாங்க; 1938ல சட்டம் மாறுச்சு. நம்ம ஊர்ல? 1972ல சென்னை, 1986ல மும்பை, 1998ல குருகிராம். எல்லாம் இதே திரவம்தான்.

இன்னொண்ணு. கோல்ட்ரிஃப்ல இருந்த சளி மருந்துக் கலவையை 4 வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாதுன்னு 2023லயே மத்திய அரசு சொல்லியாச்சு. பாப்பாவுக்கு 3 வயசு.

“சிரப்பே வேணாம்மா”ன்னேன்.

“கடைக்காரர்தானேப்பா குடுத்தாரு?”