கோட்டை இல்லாத ஊரிலிருந்து கோட்டை பார்க்க...

சங்கமம் முடிந்த கையோடு குடும்பத்தோடு இரண்டு நாள் எங்காவது போய் வரலாம், திட்டம் போடுவது உன் பொறுப்பு என்று எங்கள் செட் நண்பர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். கோட்டை, அரண்மனை பார்ப்போமே என்றேன். "மாப்ளே, கோட்டைன்னா ராஜஸ்தான் போகணும். இங்க என்னடா இருக்கு?" என்றான் ஒருவன்.

கேள்வி நியாயமானதுதான். சித்தூரில் மலை முழுக்கக் கோட்டை நிற்கிறது. மதுரையிலோ கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல் என்று வாசல்கள் பெயரில் மட்டும் இருக்கின்றன. டவுன் பஸ் கண்டக்டர் தினமும் கூவி ஆள் ஏற்றுகிறார். எந்தக் கோட்டைக்கு வாசல் என்று கேட்பவர் குறைவு. ஆகவே என் திட்டத்தில் முதல் நாள் முழுக்க மதுரைக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை அது. 72 கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. 1763-லும் 1764-லும் கான்சாகிப் யூசுப்கான் (மருதநாயகம் என்றால் எல்லோருக்கும் தெரியும்) இதற்குள் இருந்துகொண்டுதான் கம்பெனிப் படையையும் ஆற்காட்டு நவாப் படையையும் எதிர்த்து நின்றார். பீரங்கிக்குக் கோட்டை மசியவில்லை. கூட இருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1764 அக்டோபர் 15-ல் தூக்கிலிடப்பட்டார்.

அப்பேர்ப்பட்ட கோட்டை பிறகு எங்கேதான் போனது? எந்தப் படையெடுப்பிலும் போகவில்லை. 1840-களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், நெரிசலில் திணறிய ஊரைப் பெரிதாக்க நினைத்து ஒரு ஏற்பாடு செய்தார். கோட்டைச் சுவரை இடித்து, அந்த இடிபாட்டைக் கொண்டே அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அங்கேயே மனை! ஜனங்கள் கடப்பாரையோடு கிளம்பிவிட்டார்கள். அப்படி உண்டானவைதான் வெளி வீதிகள். நில அளவை செய்த மாரட் பெயரில் மாரட் வீதி, வேலையை நடத்திய மேஸ்திரி பெருமாள் பெயரில் பெருமாள் மேஸ்திரி வீதி. கலெக்டருக்கு நினைவாக விளக்குத்தூண் நிற்கிறது. ஒரு சர்வேயருக்கும் ஒரு மேஸ்திரிக்கும் வீதி வைத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! நம் தொழில்காரர்கள் பெருமைப்படலாம். ஆனால் அவர்கள் பெயர் நிலைத்தது கட்டியதற்காக அல்ல, இடித்ததற்காக. சைட்டில் பழைய கட்டிடத்தை இடிக்கக் கையெழுத்துப் போடும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். ஊர் விரியத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. நாலு பக்கத்தில் ஒரு பக்கத்தையாவது விட்டுவைத்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். பெரியார் பஸ் நிலையம் பக்கம் மேல வெளி வீதியில் மிஞ்சியிருக்கும் துண்டை முதலில் பார்ப்போம்.

அடுத்து மகால். திருமலை நாயக்கர் 1636-ல் கட்டியது. நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது அதன் ஒரு பகுதிதான். பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பலவற்றைப் பெயர்த்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். மகாலைப் பார்த்த கையோடு பத்துத்தூண் சந்துக்கு நடந்துவிட வேண்டும். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே அந்த ராட்சதத் தூண்கள் தனியாக நிற்பதைப் பார்த்தால்தான் பழைய அரண்மனையின் அளவு பிடிபடும். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு மகாலைப் பழுது பார்க்க வைத்தார். பிறகு பல வருஷம் உள்ளே கோர்ட் நடந்தது. சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லுமான அந்த விதானம் தப்பியதற்கு, ஆள் புழக்கம் இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் நாள்தான் தகராறு. திண்டுக்கல் வடக்கே, ராமநாதபுரம் தென்கிழக்கே. இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் வேனில் உட்கார்ந்திருப்பதே வேலையாகிவிடும். சேதுபதிகளின் ராமலிங்க விலாசத்தில் சுவர் ஓவியங்களை நின்று பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். அவசரத்தில் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். அதனால் ராமநாதபுரத்தை அடுத்த சங்கமத்துக்குத் தள்ளிவிட்டேன். சிலருக்குக் கோபம்தான்.

திருமயத்துக்கே என் ஓட்டு. சுமார் 90 கிலோமீட்டர். 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை. உச்சியில் பீரங்கி, மலைச்சரிவில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைக் கோயில்கள். ரோட்டைப் பார்த்த மதிலில் பைரவர் இருக்கிறார். நம் வேன் டிரைவர் எப்படியும் தேங்காய் உடைக்காமல் நகரமாட்டார், அதற்குப் பத்து நிமிஷம் சேர்த்திருக்கிறேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் திரும்புகிறவர்கள் வழியில் திண்டுக்கல் மலைக்கோட்டையை விட்டுவிடாதீர்கள். நாயக்கர் தொடங்கி, 1755-ல் ஹைதர் அலி பொறுப்பேற்று, 1790-ல் கம்பெனி பிடித்த கோட்டை. பாறை மேல் நிழலே கிடையாது. காலை ஒன்பது மணிக்குள் ஏறி இறங்கிவிடுங்கள், பிள்ளைகளுக்குத் தொப்பியும் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீரும் அவசியம்.