ஒரு நோய், பல நுண்ணுயிரிகள்: சிட்ரஸ் பசுமை நோய்க் காரணியை வகைப்படுத்திய வரலாறு

முன்னுரை

ஆரஞ்சு, சாத்துக்குடி, எலுமிச்சை முதலிய சிட்ரஸ் இனப் பயிர்களைத் தாக்கும் நோய்களுள் மிகக் கொடியதாகக் கருதப்படுவது பசுமை நோய். நோயுற்ற மரத்தின் இலைகளில் ஒழுங்கற்ற மஞ்சள் திட்டுகள் தோன்றுகின்றன. காய்கள் சிறுத்துக் கோணலாகி, பழுக்கும் பருவத்திலும் பச்சை நிறம் முழுதும் மாறாமல் நிற்கின்றன. நோயுற்ற மரத்தை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. அதனை வெட்டி அகற்றுவதே தடுப்பு முறைகளுள் முதன்மையானது. ஆதலின், எது இந்நோய் என்னும் வரையறை உழவரின் வாழ்வோடு நேரடித் தொடர்புடையது. அவ்வரையறை ஒவ்வொரு காலத்திலும் அக்காலத்து ஆய்வுக் கருவியின் எல்லைக்கு உட்பட்டே அமைந்தது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது.

பல பெயர்களும் ஒரு நோயும்

தென்சீனத்தில் இந்நோய் ஹுவாங்லொங்பிங் எனப்பட்டது. சாவோசான் வட்டார வழக்கில் அதன் பொருள் 'மஞ்சள் தளிர் நோய்' என்பதாகும். இதனை ரெய்ங்கிங் 1919இல் பதிவு செய்தார். தைவானில் லிகுபின், பிலிப்பைன்சில் இலைத் தேமல், இந்தியாவில் நுனிக்கருகல், தென்னாப்பிரிக்காவில் கிரீனிங் எனப் பெயர்கள் வேறுபட்டன. கண்ணுக்குத் தெரிந்த அறிகுறிகள் துத்தநாகக் குறைபாட்டை ஒத்திருந்தமையால், மண்ணிலேயே காரணம் தேடப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் 1937இல் குரோமியம், மாங்கனீசு ஆகியவற்றின் நச்சுத்தன்மையே காரணம் எனக் கூறப்பட்டது.

ஒட்டுக்கட்டும் சோதனை இக்கருத்தை மாற்றியது. ஒட்டின் வழி நோய் பரவுவதைச் சீன அறிஞர் லின் குங்-சியாங் 1956இல் வெளியிட்டார். ஒட்டின் வழியும் சில்லிட் பூச்சியின் வழியும் நோய் பரவுவதை மெக்கிளீன், ஓபர்ஹோல்சர் ஆகியோர் 1965இல் தென்னாப்பிரிக்காவில் மெய்ப்பித்தனர். தொற்றுநோய் என்பது உறுதியானதும் வைரசே காரணி எனப் பலர் கருதினர். 1970இல் லாஃப்லேஷ், போவே ஆகியோர் மின்னணு நுண்ணோக்கி கொண்டு புளோயத்தின் சல்லடைக் குழாய்களில் நுண்ணுயிரிகளைக் கண்டனர். அவை செல்சுவரற்றவை என முதலில் எண்ணப்பட்டன. பின்னர்ச் செல்சுவருடைய பாக்டீரியாக்கள் எனத் தெளிவாயின.

இரு இனங்கள்

இந்நுண்ணுயிரியைத் தூய வளர்ப்பாகப் பிரித்தெடுக்க இயலாமையால், மரபணுவே அதனை அடையாளம் காணும் வழியாயிற்று. 1994இல் இந்தியாவின் பூனாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவின் நெல்ஸ்புரூட்டிலிருந்தும் பெற்ற மாதிரிகளின் 16எஸ் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணுக்களை ஜாக்வே, போவே, கார்னியே ஆகியோர் ஒப்பிட்டனர். அதன் பயனாக ஆசிய இனமும் ஆப்பிரிக்க இனமும் பிரித்தறியப்பட்டன. அவை இன்று லிபரிபாக்டர் ஏசியாடிகஸ், லிபரிபாக்டர் ஆஃப்ரிக்கானஸ் என வழங்கப்படுகின்றன. தூய வளர்ப்பு கிட்டாததைக் குறிக்க 'கேண்டிடேட்டஸ்' என்னும் முன்னொட்டு இடப்படுகிறது. ஆசிய இனம் வெப்பத்தைத் தாங்கும். ஆப்பிரிக்க இனம் தாங்காது. முன்னதை டயாபோரினா சிட்ரி என்னும் பூச்சியும், பின்னதை டிரையோசா எரிட்ரியே என்னும் பூச்சியும் இயற்கையில் பரப்புகின்றன.

பிரேசில் தரும் சான்று

2004இல் பிரேசிலின் சாவோ பாவுலோ மாநிலத்தில் இந்நோய் கண்டறியப்பட்டது. அறிகுறிகள் தெளிவாக இருந்தும், அறியப்பட்ட இரு இனங்களுக்கென அமைக்கப்பட்ட பி.சி.ஆர். சோதனையில் பெரும்பாலான மாதிரிகள் எதிர்மறை முடிவையே தந்தன. பாக்டீரியாக்களுக்குப் பொதுவான தொடக்கிகளைக் கொண்டு சோதித்தபோதே மூன்றாம் இனமாகிய லிபரிபாக்டர் அமெரிக்கானஸ் வெளிப்பட்டது. சோதனை முடிவை மட்டும் நம்பியிருந்தால், நோயுற்ற மரங்கள் நோயற்றவையாகவே கணக்கிடப்பட்டிருக்கும். தொடக்கத்தில் அமெரிக்கானஸ் மிகுதியாகக் காணப்பட்டாலும், சில ஆண்டுகளில் ஏசியாடிகஸ் அதனை விஞ்சிப் பரவியது. ஏசியாடிகஸ் வெப்பத்தைத் தாங்குவதும் மரத்தினுள் மிகுந்த அளவில் பெருகுவதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

ஓர் இனத்துக்குள் வேறுபாடு

இனங்களைப் பிரித்துக் காட்டிய 16எஸ் மரபணு, ஏசியாடிகஸ் இனத்துக்குள் பெரிதும் மாறாதிருப்பதால் அதன் உட்பிரிவுகளை அறியப் பயன்படவில்லை. ஃபுளோரிடாவில் பிடிக்கப்பட்ட ஒரு சில்லிட் பூச்சியிலிருந்து ஏறத்தாழ 12.3 இலட்சம் கார இணைகள் கொண்ட மரபணுத் தொகுதி 2009இல் பெறப்பட்டது. அதன் பின்னரே அடுக்கு மீள்தொடர்களும் புரோபேஜ்களும் விரிவாக ஆராயப்பட்டன. சீனத்தின் குவாங்டாங் மாதிரிகளும் ஃபுளோரிடா மாதிரிகளும் மீள்தொடர் எண்ணிக்கையில் வேறுபடுவது 2010இல் காட்டப்பட்டது. எனினும், மீள்தொடர்கள் விரைந்து மாறக்கூடியவை, புரோபேஜ்கள் இடம்பெயரக்கூடியவை. ஆகவே, இரு மாதிரிகள் ஓர் அடையாளத்தில் ஒத்திருப்பது மட்டுமே அவற்றின் பொது மூலத்துக்குப் போதிய சான்றாகாது.

முடிவுரை

கண்ணால் கண்ட அறிகுறி, தொற்றுநோயைச் சத்துக்குறைபாட்டோடு மயங்க வைத்தது. மின்னணு நுண்ணோக்கி பாக்டீரியாவைக் காட்டியது, இனவேறுபாட்டைக் காட்டவில்லை. 16எஸ் மரபணு இனங்களைப் பிரித்தது, உட்பிரிவுகளைக் காட்டவில்லை. இவ்வரலாறு இரு கருத்துகளை வலியுறுத்துகிறது. முதலாவது, அறிந்த இனங்களை மட்டும் தேடும் சோதனையின் எதிர்மறை முடிவு, மரம் நோயற்றது என்பதற்குச் சான்றாகாது. தோட்டத்தில் காணும் அறிகுறியும் உடன் வைத்து எண்ணப்பட வேண்டும். இரண்டாவது, நோய் எங்கிருந்து எங்குச் சென்றது என்னும் முடிவு, மரபணுத் தொகுதியின் பல பகுதிகளை ஒருங்கே ஒப்பிட்ட பின்னரே கூறத்தக்கது.