மாதப் பெயர் தாங்கிய பூக்கோசு

வீட்டுக் கொல்லையில் காலிபிளவர் பயிரிட எண்ணும் அன்பர்கள் விதையை வாங்குமுன் அதன் பெயரைக் கேட்டறிதல் நலம். இச்செடி நம் நாட்டுக்கு வந்து நிலைத்த வரலாறே அப்பெயரில் அடங்கியிருக்கிறது.

வட இந்தியச் சமையலில் தொன்றுதொட்டு இருப்பதுபோல் தோன்றும் இப்பூக்கோசு உண்மையில் பின்னாளில் வந்த விருந்தாளி. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1817-இல் தம் வசமாக்கிக்கொண்ட சகாரன்பூர்த் தோட்டத்தில், 1822-ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்து வருவித்த விதையை ஊன்றிப் பார்த்தனர். வந்ததோ குளிர்நாட்டுச் செடி. வெயிலையும் மழைக்காலப் புழுக்கத்தையும் தாங்கி முந்திப் பூத்த செடிகளையே உழவர்கள் தலைமுறை தலைமுறையாக விதைக்கு விட்டனர். நூறாண்டுக்கு மேற்பட்ட இப்பொறுக்கலால், 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் பூக்கட்டும் இந்திய வகைகள் தோன்றின. பாட்னாவும் காசியும் இவற்றிற்குப் பெயர் பெற்றன. ஆராய்ச்சி நிலையங்கள் வந்தது பிறகுதான். தோட்டக்காரர்களின் இத்தொண்டு போதிய அளவு பேசப்படவில்லை என்பது நம் கருத்து.

அவ்வுழவர்கள் தம் பெயரை விதைக்குச் சூட்டவில்லை. அறுவடை மாதத்தின் பெயரையே சூட்டினர். குவாரி, காத்கி, அகனி, பூசி, மாகி என்பன முறையே ஆசுவினம், கார்த்திகம், மார்க்கசீரிஷம், பௌஷம், மாகம் என்னும் வடநாட்டு மாதங்களைக் குறிப்பன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் தில்லியில் குடியிருப்பின் பின்புறத்தில் முதன்முறை பயிரிட்டபோது, இச்சொல்லின் பொருளைக் கேளாது விட்டோம். காத்கி விதையை அக்டோபரில் தூவினோம். செடி வளருமுன்னே குளிர் வந்தது. சட்டைப் பொத்தான் போன்ற பூக்களே கிடைத்தன. வீட்டார் நகைத்ததைக் கூற வேண்டுவதில்லை. பின்பருவ விதையை முன்னதாக ஊன்றினாலோ இலை மட்டும் செழித்துப் பூ வாராது. உரத்தைக் குறை கூறிப் பயனில்லை.

வெண்பனிபோல் பூக்கும் ‘ஸ்நோபால்’ வகைக்கு 10 முதல் 16 டிகிரி வரை குளிர் வேண்டும். சமவெளியில் அது பூத்தாலும் விதை கட்டாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வெளிநாட்டு விதை வருவது தடைப்படவே, குலு பள்ளத்தாக்கு போன்ற மலைப்பகுதிகளில் விதை உற்பத்தி தொடங்கிற்று. அங்குள்ள கத்ராயினில் 1949-இல் காய்கறி ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. முற்பருவ இந்திய வகைகளோ சமவெளியிலேயே விதை தருவன.

மறு ஆண்டு மே மாத இறுதியில் காத்கியை மேட்டுப்பாத்தியில் தூவி, வெயில் படாமல் கீற்றுப் பந்தலிட்டு, நாற்றை ஐந்து வாரத்தில் ஒன்றரை அடி இடைவெளியில் நட்டோம். பூ திரண்டதும் வெளியிலைகளை அதன்மேல் மடித்துக் கட்டினோம். வெயில் பட்டால் மஞ்சளித்துவிடும். கார்த்திக மாதம் பிறந்தபோது முதற் பூ சமையலறைக்குச் சென்றது.