எல்லையில் ஒரு சீட்டுக்கட்டு

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் செல்லும் சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் களியக்காவிளை. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. எல்லைக்கு இருபுறமும் மொழி மாறினாலும் சீட்டுக்கட்டின் பெயர்கள் மாறவில்லை. இஸ்பேட் என்பது வாளைக் குறிக்கும் 'எஸ்பாடா' என்ற போர்த்துகீசியச் சொல். கிளாவரும் ஆடுதனும் டச்சுக்காரர்கள் விட்டுச் சென்றவை. 1741-ல் பக்கத்துக் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றவர்களும் அதே டச்சுக்காரர்கள்தான்!

போக்கர் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் வளர்ந்தது. மிசிசிப்பி நதியின் நீராவிப் படகுகள் அதைப் பரப்பின. அடிப்படை எளிது. 52 சீட்டுகளில் ஐந்தைச் சேர்க்க 25,98,960 வழிகள் உண்டு. எந்தச் சேர்க்கை அரிதோ அதற்கே மதிப்பு அதிகம். ஒரே இனத்தில் பத்து முதல் ஏஸ் வரை வருவது வெறும் நான்கு வழிகளில்தான். ஆனால் நல்ல சீட்டு இல்லாதவரும் துணிந்து பந்தயத்தை உயர்த்தி எதிராளியை விலகச் செய்து வெல்லலாம். அதனால்தான் இது திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

1967-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்றது. மூணு சீட்டை வெறும் அதிர்ஷ்டம் என்றது. போக்கர் சூதாட்டமே என்று 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் சொன்னது. திறமை ஆட்டம் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

களியக்காவிளையில் சட்டமும் இரண்டு. இப்புறம் 1930-ம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம். அப்புறம் கேரளத்தின் 1960-ம் ஆண்டுச் சட்டம். ஆனால் கைப்பேசிக்குச் சோதனைச்சாவடி ஏது? பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மியை 2020 நவம்பரில் தமிழகமும் 2021 பிப்ரவரியில் கேரளமும் தடுத்தன. 2021 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இரு உயர் நீதிமன்றங்களும் அத்தடைகளை நீக்கின. பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் தொடர, தமிழக அரசு 2022-ல் புதிய சட்டம் கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.

போக்கரில் புதியவர் கற்க வேண்டிய முதல் பாடம், மோசமான சீட்டு வந்தால் கீழே வைத்துவிடுவது. கற்றதைக் காசில்லாமல் ஆடினால் அது கணக்குப் பாடம். விட்ட காசைப் பிடிக்க ஆடினால் வீட்டையும் விட வேண்டி வரும்.